ராஜபார்ட் கேட்டு வாங்கிய படம்

எட்டாம் வகுப்போட படிப்பை விட்டவன்தான். ஆனா தாராசுரம் கோயில் கட்டுறப்ப நான் இருந்திருந்தா, படம் போட என்னைத்தான் கூப்பிட்டிருப்பாங்க.

இன்னிக்கு எங்க மாரியம்மன் கோயில்ல இசை நாடகம். எனக்கு ராஜபார்ட்டுன்னா உசிரு. அந்த மீசை, அந்த முறைப்பு! காலையிலேயே அந்த முகத்தை அட்டையில வரைஞ்சு, மகன் துபாய்லேர்ந்து கட்டுற புது வீட்டு முகப்புல தொங்கவிட்டேன். ராஜா வேஷம் கட்டுறவரு அந்த வழியாத்தான் வருவாரு. பார்த்து ஒரு வார்த்தை பாராட்டிட மாட்டாரான்னு ஆசை.

வந்தாரு. வேனை நிறுத்தி இறங்கி, அசையாம பார்த்தாரு. எனக்குக் கண்ணே கலங்கிருச்சு.

"அண்ணே, இது யாரு வரைஞ்சது?"

"அடியேன்தாங்க."

"எத்தனையோ வீட்டுல திருஷ்டிப் படம் பார்த்திருக்கேன், இவ்வளவு பயங்கரமா பார்த்ததில்லை. நம்ம மேலயும் ஊர்க்கண்ணு ஜாஸ்திங்க. குடுங்களேன், வேன் முன்னால கட்டிக்கிறேன்."

என் சம்சாரம் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு உள்ளே ஓடிட்டா.

நான் அசரலை. நானே அவிழ்த்து, என் கையாலேயே வேன்ல கட்டிவிட்டேன்.

ராஜபார்ட்டே கேட்டு வாங்கிட்டுப் போற மாதிரி படம் வரைஞ்சவங்க உங்கள்ல யாராவது இருக்கீங்களா? இருந்தா கமென்ட்ல வாங்க, பார்ப்போம்.