எங்கள் மாடி மறித்த காற்று

சிங்காநல்லூரில் நாங்கள் குடியிருந்த தெருவுக்கு வைகாசிக் கடைசியில் மேற்கேயிருந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்துவிடும். கொடியில் காயும் சேலை அடுத்த தெருவுக்குப் போய்விடும், குழம்பில் மண் விழும். திட்டிக்கொண்டேதான் இருப்போம். ஆனாலும் ஆடி முடியும்வரை மின்விசிறி போட்டதில்லை. தொண்ணூறுகளின் அந்தக் காற்றை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு நேர் கிழக்கே, முதுகோடு முதுகாக, ஒரு மில் தொழிலாளியின் வீடு. அவரை அண்ணன் என்போம். ராத்திரி முழுக்க ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து, பகலில் மாடியிலிருந்த ஒற்றை அறையில் தூங்குவார். மேலே சிமெண்ட் ஷீட். எங்கள் ஓட்டு வீட்டைத் தாண்டி வரும் காற்றுதான் அந்த அறையைக் குளிரவைத்தது.

ஓட்டைப் பிரித்து மாடி கட்ட எங்களுக்கு ஆசை வந்தது. காந்திபுரத்திலிருந்து வந்த இன்ஜினியர் மேற்கே நாலு ஜன்னல் வரைந்து, "காத்து பிச்சுக்குமுங்க" என்றார். அதில்தான் விழுந்தோம். வேலை தொடங்குமுன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்பது எங்கள் ஊர் வழக்கம். என் வீட்டுக்காரர் போய், "ஏனுங்கண்ணா, மாடி எடுக்கறோமுங்க. உங்களுக்கு ஒண்ணும் சிரமமில்லீங்களே?" என்று கேட்டார். "தாராளமா கட்டுங்க" என்றார் அண்ணன். அப்படிக் கேட்டால் எங்கள் ஊரில் யாருக்கும் மறுக்க வாய் வராது. அது தெரிந்துதான் கேட்டோம். இந்த மரியாதையைக் கொண்டுபோய்க் குப்பையில் போட வேண்டும்.

அடுத்த காற்றுக்காலத்தில் எங்கள் மாடியில் காலண்டர் பறந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வந்தவர்களையெல்லாம் மேலே கூட்டிப்போய்க் காட்டினேன்.

ஆடியில் ஒருநாள் காலை, குழாயடியில் அண்ணனின் மனைவி முகம் வாடி நின்றார். வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் சொன்னார்: "அவரு மிஷினுக்கு முன்னால நின்னுக்கிட்டே தூங்கிப்போட்டாருங்க. இன்னொருக்காத் தூங்குனா வேலையில்லைன்னு சொல்லிப்போட்டாங்க. பகல்ல அந்த ரூம்பு வேகுதுங்க அம்மணி, கண்ணே மூட முடியல." எங்கள் மாடியைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்குக் குடம் நிரம்பி வழிந்தது கூடத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் சமையலறை ஜன்னலைத் திறந்தேன். எங்கள் வீட்டுக்கும் வடக்கேயிருந்த பஞ்சுக் கிடங்குக்கும் நடுவே நாலடிச் சந்து உண்டு. மாடி எழும்பிய பிறகு, போக்கிடமில்லாத காற்றெல்லாம் அதில் புகுந்து அடித்தது. அங்கே, எங்கள் சாக்கடை ஓரத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, முகத்தில் துண்டை மூடி அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். அடுப்பில் குக்கர் இருந்தது. விசில் வருமுன் அணைக்க ஓடினேன், அது முந்திக்கொண்டது.

அவர் திடுக்கிட்டு எழுந்தார். என்னைப் பார்த்ததும் அவசரமாகக் கட்டிலைத் தூக்கினார்.

"கோவிச்சுக்காதீங்க அம்மணி" என்றார். "கேக்காம உங்க காத்துல படுத்துப்போட்டேன்."