நாகூரில் இரண்டு கயாக், எனக்கு ஒன்று

பூதலூரில் உரக்கடை வைத்திருப்பவளுக்குக் கடலில் துடுப்புப் போட்டு ஓட்டும் கயாக் படகு எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். எங்கள் ஊருக்கும் கடலுக்கும் சுமார் நூறு கிலோமீட்டர். ஆனால் புதுச்சேரியில் வாடகைக் கயாக்கில் ஏறிப் பழகி இரண்டு வருடமாகிவிட்டது. ஆசை யாரை விட்டது? நாகூரில் ஒருவர் தன்னிடமுள்ள இரண்டு கயாக்கில் ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டதும், சம்பா அறுவடை முடிந்து கடை ஓய்ந்திருந்த பிப்ரவரியில் கிளம்பிவிட்டேன்.

காரைக்கால் பாசஞ்சர் ரயில் பூதலூரிலேயே நிற்கும். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் ஜன்னல் சீட் கிடைத்தால் நேரம் தெரியாது. அறுத்த நெல் தாளுக்கு நடுவே உளுந்து பச்சையாக எழும்பியிருந்தது. நாகூரில் தர்காவுக்குப் பக்கத்தில் எழுநூறு ரூபாய்க்குச் சுத்தமான அறை கிடைத்தது. வியாழக்கிழமை மட்டும் போகாதீர்கள், கூட்டத்தில் அறை கிடைப்பது கஷ்டம்.

மறுநாள் காலை ஆறரைக்கு, வெட்டாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே இருந்த, கயாக் விற்கும் ஜமால் பாய் வீட்டுக்குப் போனேன். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்து திரும்பியவர், அறுபதைத் தாண்டியவர். கொல்லையில் இரண்டு கயாக்கும் மரக்கட்டைமேல் இருந்தன. ஒன்று ஆரஞ்சு நிறம், பிளாஸ்டிக், அகலமானது, மேலேயே காலை நீட்டி உட்காரலாம். மருமகனுக்காக வாங்கியதாம், அவர் இரண்டு தடவைதான் ஏறினாராம். இன்னொன்று வெளுத்த மஞ்சள், ஃபைபர், பதினேழு அடி நீளம். இடுப்பு மட்டும் கொள்ளும் குழிக்குள் காலை நுழைத்து உட்கார வேண்டும். மஸ்கட்டிலிருந்து கப்பலில் போட்டுக் கொண்டுவந்தது.

“எல்லாரும் கம்பளியும் டி.வி.யும் கொண்டு வந்தாங்க. இவரு படகு கொண்டு வந்தாரு” என்றார் அவர் மனைவி மைமூன் அக்கா, டீயைக் கொடுத்தபடி.

இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். ஆற்று நீரில் ஆரஞ்சு சோபா மாதிரி அசையாமல் இருந்தது. மஞ்சளோ நான் தும்மினாலே கவிழ்த்துவிடும்போல ஆடியது. அப்போதே ஆரஞ்சுதான் என்று முடிவு செய்துவிட்டேன். நல்லவேளை, அதைச் சொல்வதற்கு முன் இரண்டையும் கடலுக்குள்ளும் கொண்டுபோனேன். ஆரஞ்சை ஒவ்வொரு அலையும் தூக்கித் தூக்கி அடித்தது. மஞ்சள் அலையோடு சாய்ந்து, தானே நிமிர்ந்து, சத்தமில்லாமல் போனது. இடுப்பை லேசாகச் சாய்த்தால் போதும், நான் நினைத்த பக்கம் திரும்பியது. இப்படி ஒரு படகை அதுவரை நான் ஓட்டியதில்லை. சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரித்தேன்.

கரைக்கு வந்து மஞ்சள்தான் வேண்டும் என்றேன். பாய் முகம் மாறியது. ஆரஞ்சு நல்ல படகு, ஆயுசுக்கும் உழைக்கும், எங்கள் ஊர் வாய்க்காலுக்கும் ஆகும் என்று அதையே புகழ்ந்துகொண்டிருந்தார். விலையேற்றும் தந்திரமோ என்றுகூட நினைத்தேன். அவர் துடுப்புகளைக் கழுவப் போனபோது அக்காதான் விஷயத்தைச் சொன்னார். ஒரு வருடமாகப் பாய்க்கு வலது முட்டி மடங்குவதில்லை. மஞ்சளுக்குள் ஏற முடியாது. ஏற முடியாத படகு எதற்கு, கொடுத்துவிடுங்கள் என்று அக்காதான் சொன்னாராம்.

“சரின்னு சொல்லிட்டு, ரெண்டுல எது வேணுமோ ஒண்ணை எடுத்துக்கலாம்னு விலைக்குப் போட்டாரு. எல்லாரும் ஆரஞ்சைத்தான் கேப்பாங்கன்னு ஒரு நம்பிக்கை.”

எனக்குச் சங்கடமாகிவிட்டது. அதற்காக மஞ்சளை மறக்கவும் முடியவில்லை. பாயிடம் போய், உங்களுக்கு மனசில்லையென்றால் வேண்டாம், ஆனால் ஆரஞ்சும் எனக்கு வேண்டாம் என்றேன். எங்கே ஓட்டுவீர்கள் என்று கேட்டார். மாதம் இரண்டு தடவை கடலுக்குக் கொண்டுவருவேன், வாய்க்காலில் இறக்க மாட்டேன் என்றேன்.

“யோசிச்சுச் சொல்றேங்க” என்றார்.

படகுக்குப் பதில் ஒரு கிலோ தம்ரூட் அல்வாவோடு ஊர் திரும்பினேன். அதன்பின் போன் அடித்தாலே ஓடினேன். மாப்பிள்ளை வீட்டிலிருந்து பதில் வரவில்லையா என்று வீட்டுக்காரர் தினமும் கிண்டல் செய்தார். மூன்றாவது வாரம் பாயே கூப்பிட்டார். வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

கயாக் வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அசையாத தண்ணீரில் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், அலையில் ஓட்டிப் பாருங்கள். கடலோரக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு, லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, காற்று எழும்புவதற்குள் திரும்பிவிடுங்கள். தனியாகப் போக வேண்டாம். நீளமான படகை ஏற்றிவர வைக்கோல் லாரிதான் சரி. எனக்கு வாடகை நாலாயிரத்து ஐந்நூறு ஆனது. அடியில் நாலு வைக்கோல் கட்டைப் போட்டால் கீறல் விழாது.

லாரியோடு போன அன்று, ஏற்றுவதற்கு முன் ஒரு சுற்று போய் வரலாம் என்றார் பாய். யார் யார் போவது என்று எனக்குப் புரியவில்லை. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, மடங்காத காலோடு அவர் ஆரஞ்சைத் தண்ணீருக்கு இழுத்தார். வாங்கிய நாளிலிருந்து அவர் அதில் ஏறியதே இல்லையாம். அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

முகத்துவாரம் தாண்டியதும், மஞ்சளில் இருந்த என்னை முன்னால் போகச் சொன்னார். அலைக்குக் குறுக்கே போகச் சொன்னார். திரும்பச் சொன்னார், மறுபடி போகச் சொன்னார். என் துடுப்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, சரியாகப் போடவில்லையா பாய் என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. படகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பதினாலு வருஷமா உள்ள உக்காந்தே ஓட்டிட்டேங்க. அது எப்படிப் போகும்னு நான் பார்த்ததே இல்ல” என்றார். துடுப்பால் அலையைக் காட்டி, “இன்னொரு தடவ திரும்பி வாங்க.”

கரையில் லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். நான் படகைத் திருப்பினேன்.