விளிம்பு நசுங்கிய டம்ளர்

ஆப்பிரிக்காவிலுள்ள மலாவிக்கு ஊழியத்துக்கு வந்து ஐந்து மாதமாகிறது. இங்கே ஜெபக்கூட்டம் முடிந்ததும் ஒரே குவளையில் தண்ணீர் கைமாறி வரும். எல்லாரும் வாய் வைத்துக் குடிப்பார்கள்; நான் மட்டும் அண்ணாந்து ஊற்றிக்கொள்வேன். இன்று கூட்டம் நடந்த வீட்டுக்கார அம்மா எனக்கென்று தனியாக ஒரு பூப்போட்ட கோப்பையை நீட்டினார்.

மாமல்லபுரத்தில் எனக்கு எட்டு வயதிருக்கும்போது பக்கத்து வீட்டில் ஒரு ஜெர்மன்கார ஆன்ட்டி குடியிருந்தார். அவரும் ஊழியத்துக்கு வந்தவர்தான். தமிழ் பேசிப் பழக தினமும் எங்கள் வீட்டுக்கு வருவார். அண்ணாந்து குடிக்க இரண்டு நாள் முயன்றார். சட்டையெல்லாம் நனைந்ததுதான் மிச்சம்.

“இன்னாடி இது, வாய வச்சி உறிஞ்சிக்கினு கீது” என்று அம்மா என்னிடம் முணுமுணுத்தாள். மறுநாளே விளிம்பு நசுங்கிய ஒரு டம்ளர் அவருக்கென்று ஜன்னலில் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவர் பக்கத்தில்தான் அம்மா உட்காருவாள். அது வேறு.

ஆன்ட்டி சிரித்துக்கொண்டே அந்த டம்ளரை எடுத்துக்கொள்வார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்றுதான் நினைத்தோம்.

இரண்டு வருடம் கழித்து ஊருக்குக் கிளம்பியவர், அந்த டம்ளரை வாங்கிப்போய்ப் பளபளவென்று தேய்த்து எடுத்து வந்தார்.

“நல்லா கழுவிட்டேன் அக்கா. இனிமே நீங்களும் இதுல குடிக்கலாம்.”

அம்மா வாங்கிக்கொண்டாள்.

பூப்போட்ட கோப்பையைக் கீழே வைத்தேன். பக்கத்திலிருந்த பெரியவரிடம் குவளைக்குக் கை நீட்டினேன். விளிம்பு ஈரமாகத்தான் இருந்தது. வாய் வைத்துக் குடித்தேன்.