எங்கே என்று கேட்கக்கூடாது

காலையில் நான் கதவைப் பூட்டிக்கொண்டு படியிறங்கும்போது பக்கத்து வீட்டு மொய்ரா தன் கிழட்டு நாயோடு வேலியோரம் நிற்பார். எழுபதைக் கடந்த மனுஷி. மழையென்றாலும் வெயிலென்றாலும் தலையில் அதே பச்சைத் தொப்பி. என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக, "இன்றைக்கு எங்கே போகிறாய்?" என்று கேட்பார். ஸ்கொட்லாந்தின் இந்தக் கரையோர ஊரில் அது ஒரு காலை வணக்கம், அவ்வளவுதான். எனக்கோ கால் பின்னுக்கு இழுக்கும். வந்த புதிதில் பல நாட்கள், "ஒன்றை மறந்துவிட்டேன்" என்று பொய் சொல்லித் திரும்பவும் உள்ளே போய், கதிரையில் சற்று நேரம் இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்கியிருக்கிறேன். பாவம், அவர் என்னைச் சரியான மறதிக்காரன் என்று நினைத்துக்கொண்டார். முதல் நத்தார்ப் பண்டிகைக்கு எனக்குக் கிடைத்த பரிசு, கதவுக்குப் பக்கத்தில் அடித்து வைக்கிற ஒரு சாவிகொழுவி.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வீட்டிலிருந்து வெளிக்கிட்டு நிற்கிறவனிடம் எங்கே என்று கேட்கக்கூடாது. கேட்டே ஆகவேண்டுமென்றால் "தூரவோ?" என்று கேட்கலாம். "ஓம், கொஞ்சம் தூரம்" என்றோ "உதிலை தான்", அதாவது பக்கத்தில்தான், என்றோ பதில் வரும். அதற்கு மேல் தோண்டுவதில்லை. எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான் என்றாலும், எங்கள் தீவு ஊரான நாரந்தனையில் எங்களைப்போலக் கடலுக்குப் போகிற வீடுகளில் அது சட்டம். அப்பா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கும்போது அம்மா குசினிக்குள் ஏதாவது வேலையாக இருப்பதுபோல் திரும்பி நின்றுகொள்வார். ஒருமுறை புதிதாக வந்த தபால்காரர் ஒழுங்கையில் அப்பாவை மறித்து, "எங்கை ஐயா, கடலுக்கோ?" என்று கேட்டுவிட்டார். அப்பா திரும்பி வந்து வலையை இறக்கி வைத்துவிட்டு இருந்துவிட்டார். அன்றைக்கு அவர் கடலுக்குப் போகவில்லை. அம்மாதான் படலைக்குப் போய், "தபால்காரத் தம்பி, நீர் படிச்சனீர் தானே, உமக்கு உது தெரியாதோ?" என்று கேட்டார். படித்தவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற வீடு எங்களுடையது. நம்புவதற்குக் காரணமும் இருந்தது. அதுவரை அந்த வீட்டில் எவரும் படித்ததில்லை.

அப்பா இடப்பெயர்வுக்குள் பள்ளிக்கூடத்தைத் தொலைத்தவர். அம்மா கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். நான் சாதாரணதரம் தாண்டி, உயர்தரம் தாண்டி, கம்பஸுக்குள் போய் மீன்பிடி விஞ்ஞானம் படித்துப் பட்டதாரியாக வெளியே வந்தபோது, இனி என்ன என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. வேலை கிடைக்கவில்லை. முதியோர் இல்லங்களுக்கு ஆள் எடுக்கிற விசாவில் இங்கே வந்தேன். கட்டிலிலிருந்து தூக்கி இருத்துவது, குளிப்பாட்டுவது, கஞ்சி பருக்குவது. வேலையில் எனக்குக் குறை இல்லை. எங்களை அழைப்பித்த கம்பனிக்கு இனிமேல் வெளிநாட்டு ஆட்களை வைத்திருக்க அனுமதி இல்லை என்று ஒரு நாள் சொன்னார்கள். அதோடு எங்கள் விசாவும் முடிந்த கணக்குத்தான். வேறு இல்லம் எதுவும் எங்களை எடுக்கவில்லை. எனக்கு முன்னால் ஒரேயொரு கதவு மிஞ்சியிருந்தது. இங்குள்ள பல்கலைக்கழகமொன்றில் கரையோரக் கடல் பற்றிய ஆய்வு முதுமாணிப் பட்டத்துக்குப் புலமைப்பரிசிலோடு ஓர் இடம். அது கிடைத்தால் நிற்கலாம், படிக்கலாம். கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

விண்ணப்பக் கட்டுரையை நிர்மலா அக்காவிடம் காட்டினேன். அவர் காரைநகர். இங்கிருந்து இரண்டு மணி நேர ரயில் தூரத்தில் உள்ள நகரத்தில் கணவரோடு கடை வைத்திருக்கிறார். பிள்ளைகள் இருவரையும் இந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு ஏற்றிவிட்டவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பந்தி வாசித்தார்.

"இதென்ன தம்பி, முயற்சி செய்து பார்ப்பேன், கிடைத்தால் நல்லது... இது விண்ணப்பமோ, செபமோ?"

"முதலே சொன்னா நடக்காதக்கா."

"முதலே சொல்லாட்டி இவங்கள் தரமாட்டாங்கள். நான் இன்னதைக் கண்டுபிடிப்பன், அஞ்சு வருசத்திலை இன்ன இடத்திலை இருப்பன் எண்டு எழுதும்."

"கண்டுபிடிக்காட்டி?"

"அதை உள்ளுக்குப் போனாப்பிறகு பாப்பம். காரைநகரார் நாங்கள் கடைக்கு இடம் பிடிக்க முதலே போர்டு எழுதுவிப்பம். நீங்கள் கடல்காரர் மீனை வித்துக் காசை மடியிலை கட்டினாப்பிறகும், இண்டைக்கு ஒண்டும் படேல்லை எண்டு சொல்லுவியள்."

நான் சிரித்தேன். அவர் சொன்னது உண்மை. அவருடைய பேனாவால் என் கட்டுரையில் ஒரு துணிச்சல்காரன் உருவானான். அவனை எனக்கு யாரென்றே தெரியாது. ஆனாலும் அவன் பேரில்தான் அனுப்பினேன். வீட்டுக்குச் சொல்லவில்லை. அம்மாவுக்கு மட்டும் ஏதோ மணந்திருக்கவேண்டும். அந்தக் கிழமை தொலைபேசியில், "அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினனான். எதுக்கெண்டு நான் கேக்கேல்லை, அவரும் கேக்கேல்லை" என்றார்.

துணிச்சல்காரனின் கட்டுரை என்னை நேர்முகம் வரைக்கும் கொண்டுபோனது. கணினித் திரையில் மூன்று பேர். நடுவில் இருந்த பேராசிரியை நல்ல மனுஷி. என் பெயரைச் சரியாக உச்சரிக்க முன்பே பழகிவந்திருந்தார். கம்பஸில் நான் செய்த நண்டு ஆய்வைத்தான் அவர் விரும்பியிருந்தார். எங்கள் கடலில், சாதாளை என்று நாங்கள் சொல்கிற கடற்புல் அடர்ந்து கிடக்கும் இடங்களில் நீலக்கால் நண்டு எப்படி வளர்கிறது என்பது பற்றியது அது. இந்தப் பட்டத்துக்காக அதைத்தான் அதே கடலில் பெரிதாகச் செய்யவிருந்தேன். அவர் என் வரைபடத்தைத் திரையில் போட்டார். அனலைதீவுக்கு அப்பால் கடலில் நான் வரைந்த ஒரு பெரிய வட்டம்.

"இது மிகப் பெரிய பரப்பு. நீங்கள் நண்டுகளை எடுத்த இடம் சரியாக எங்கே?"

அந்த இடம் எனக்குத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். கம்பஸ் ஆய்வுக்காக அப்பா என்னைத் தன் வள்ளத்தில் கூட்டிக்கொண்டு போன காலையில், அனலைதீவுப் பனைகள் ஒரு கைப்பக்கம் ஒதுங்கி, காரைநகர் வெளிச்சவீடு இன்னொன்றுக்குப் பின்னால் மறைகிற இடத்தில் இயந்திரத்தை நிறுத்தினார். எதற்குப் பின்னால் என்று இப்போதும் எழுதமாட்டேன். கீழே தண்ணீர் கண்ணாடி. சாதாளை ஒரு வயல்போல அசைந்துகொண்டிருந்தது. "உன்ரை அப்பப்பா எனக்குக் காட்டினது. உன்ரை சித்தப்பன்மாருக்கும் தெரியாது. படிப்புக்கெண்டபடியா காட்டுறன். வாயாலை சொல்லிப்போடாதை" என்றார் அப்பா. நான் கையில் இருந்த கருவியில் இடத்தைப் பதியாமலே விட்டேன். ஆய்வேட்டில் பெரிய வட்டத்தைப் போட்டுக்கொண்டு போனபோது, என் மேற்பார்வையாளர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கும் தாய்வழி தீவுப்பக்கம். "கொப்பற்றை இடமோ?" என்று மட்டும் கேட்டார். ஓம், அப்பாவுடையதுதான் என்றேன். கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

பேராசிரியை காத்திருந்தார். "மேற்குப் பக்கம்," என்றேன். "கரையிலிருந்து கொஞ்சம் தூரம்."

"அதை நாங்கள் எப்படித் தேடிப்போவது? வரும் ஆண்டுகளில் அதே இடத்துக்குத்தானே மறுபடியும் போகப்போகிறீர்கள்?"

"போய்ப் பார்க்கலாம்," என்றேன்.

"அங்கே என்ன கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?"

நிர்மலா அக்காவின் துணிச்சல்காரனைத் தேடினேன். அவன் அந்த நேரம் பார்த்துக் கைவிட்டுவிட்டான். "வலையை இழுத்தபிறகுதான் சொல்லலாம்," என்று வாய் தன்பாட்டில் சொன்னது. மூவரும் சிரித்தார்கள். அதை நான் ஒரு பகிடியாகச் சொன்னேன் என்று நினைத்தார்கள். சிரிப்பு அடங்கியதும் பேராசிரியை கனிவாக, "பதற்றத்தில் மறந்திருப்பீர்கள், பரவாயில்லை," என்றார். இந்த நாட்டில் என்னை மறதிக்காரன் என்று எண்ணிய இரண்டாவது ஆள் அவர். மறக்கவில்லை, சொல்ல ஏலாது என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். சொற்கள் இருந்தன. ஒரு விஞ்ஞானி அப்படிச் சொல்லக்கூடாது என்பதும் தெரிந்திருந்தது. அது இடத்தைக் களவெடுக்கிறவர்களிடம் காட்டுவது அல்ல, இவர்கள் அங்கே ஒரு நண்டையும் தொடப்போவதில்லை, எல்லாம் தெரியும். நாக்குத்தான் எழும்பவில்லை.

மறுமொழி மின்னஞ்சலில் வந்தது. மரியாதையான கடிதம். கள இடங்கள் குறித்தும், விண்ணப்பதாரர் எங்கே செல்ல விரும்புகிறார் என்பது குறித்தும் போதிய தெளிவில்லை என்று இருந்தது. அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள். அடுத்த வருடம் என்பது இந்த நாட்டில் குடியிருக்கிறவர்களுக்கு உள்ள ஒன்று. நிர்மலா அக்கா தொலைபேசியில், "இஞ்சை வந்து கொஞ்ச நாள் நில்லும். பிளேன் ரிக்கெற்றை ஆறுதலாப் போடலாம்" என்றார். விசா முடிந்தும் நின்றுவிட்ட ஒருவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, தானே நிறுத்திக்கொண்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு எடுத்தேன். ஊரில் பின்னேரம். அதிசயமாக அப்பாதான் எடுத்தார்.

"அப்பா, ஒரு படிப்புக்குப் போட்டனான். சரிவரேல்லை."

"ம்."

"எங்கடை இடத்தைக் கேட்டவை. நான் சொல்லேல்லை."

"எந்த இடத்தை?"

"நீங்கள் காட்டின இடம். நண்டுக்கு."

பின்னால் கோழி கொக்கரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அப்பா, "அதைச் சொல்லியிருக்கலாமே, தம்பி," என்றார்.

"சொல்லக்கூடாதெண்டு நீங்கள் தானே..."

"அங்கை இப்ப என்ன கிடக்கு? அந்தக் கரையிலை இருந்து றோலர்ப் படகு வந்து, இழுவைமடியாலை அடியோடை வழிச்சுக்கொண்டு போட்டுது. சாதாளையும் இல்லை, நண்டும் இல்லை. வெறும் சேறு. நான் அவடத்திலை வலை விட்டுக் கனகாலம்."

"எனக்குச் சொல்லேல்லையே அப்பா."

"நீ கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை."

நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன். வெறும் சேற்றுக்காக மூன்று பேருக்கு முன்னால் ஊமையாக இருந்திருக்கிறேன். இடத்தைச் சொல்லி, அது அழிந்துபோயிற்று என்ற செய்தியையும் சொல்லியிருந்தால், அதுவே ஓர் ஆய்வாக இருந்திருக்கும். அந்தப் பேராசிரியை கதிரையின் விளிம்புக்கு வந்து கேட்டிருப்பார். அதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, "அப்ப இப்ப எங்கை போறனீங்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்டபிறகுதான் என் காதில் விழுந்தது. "இந்தா, கொம்மாவோடை கதை," என்று அப்பா தொலைபேசியைக் கைமாற்றினார்.

"என்ன மோனை கேட்டனீ? வெளிக்கிட்டு நிண்ட மனுசன், வலையை வைச்சிட்டுக் கதிரையிலை போய் இருக்கிறார்."

நான் படிப்புக் கிடைக்காததைச் சொன்னேன். இங்கிருந்து வெளிக்கிடுகிறேன் என்றும் சொன்னேன். வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. எனக்கே தெரியாது. அம்மா, நான் கம்பஸுக்குப் போன நாட்களிலும் இந்த நாட்டுக்கு ஏறிய நாளிலும் படலையில் நின்று கேட்ட அதே குரலில், "தூரவோ?" என்று கேட்டார். அந்த நாட்களிலெல்லாம், இத்தனை ஆயிரம் மைல் பறப்பதற்கு முதல்கூட, "உதிலை தானம்மா" என்றுதான் சொல்லியிருக்கிறேன். இந்தமுறை எதிலிருந்து தூரத்தை அளப்பது என்று தெரியவில்லை. லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வெளிக்கிடுவதற்கு முதல்நாள் மொய்ரா என் பெட்டிகளைக் கண்டுவிட்டு எங்கே என்று கேட்டார். வேலிக்கு இப்பால் நின்று, எங்கள் வழக்கத்தை முதல்தடவையாக அவருக்குச் சொன்னேன். உள்ளே போய்த் தண்ணீர் குடித்ததையும், சாவிகொழுவியையும். அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என் தாத்தாவும் கடலுக்குப் போனவர். இதையே ஒருமுறை கேட்டு அவரிடம் அடி வாங்கியிருக்கிறேன், சின்னப்பிள்ளையாக. எப்படி மறந்துபோனேன்? நீ ஏன் முன்பே சொல்லவில்லை?"

இந்த நாட்டில் எல்லோரும் என்னிடம் கேட்கவேண்டிய சரியான கேள்வி அதுதான்.

மறுநாள் காலையில் கதவைப் பூட்டிச் சாவியைத் தபால்பெட்டிக்குள் போட்டுவிட்டு, பயணப் பெட்டியை இழுத்துக்கொண்டு படியிறங்கினேன். மொய்ரா நாயோடு வேலியோரம் நின்றார். பச்சைத் தொப்பி. என்னைப் பார்த்தார், உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு தலையை மட்டும் அசைத்தார். பிறகு, எங்கள் குசினிக்குள் அம்மா செய்வதுபோலவே, வேறு ஏதோ வேலை இருக்கிறவராக மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டார். தெருவில் வேறொருவரும் இல்லை. நான் பெட்டியின் பிடியைப் பிடித்தபடி அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன், அவர் கேட்டுவிடமாட்டாரா என்று.