விலை முடிந்த பிறகு காபி

அப்பாவுக்கு ஒரு முதியோர் இல்லம் பார்த்துவிட வேண்டியதுதான் என்று நான் முடிவெடுத்தது, அவர் தனியாக விளாத்திகுளம் பஸ்ஸில் ஏறிப் போன மறுநாள். மிளகாய் வத்தல் கொள்முதலுக்குப் போனாராம். கடையை ஏறக்கட்டி வருஷக்கணக்காகிறது. நல்லவேளை, கண்டக்டருக்கு அவரைத் தெரிந்திருந்தது. தன் பக்கத்திலேயே உட்காரவைத்து, திரும்பும்போது கோவில்பட்டியில் இறக்கிவிட்டு எனக்குப் போன் செய்தார். நான் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். போட்ட கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் அப்பா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏட்டி, பள்ளிக்கூடம் போகாம இங்கன என்ன பண்ணுத?" என்று அதட்டினார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

மறதி நோய் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் போயிருந்தது. அம்மா இல்லை. என் கணவருக்குத் தூத்துக்குடியில் வேலை. விடியுமுன் கிளம்பினால் இருட்டித்தான் வருவார். பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாளை வைத்திருந்தோம். அவளைச் சாக்குத் திருட வந்தவள் என்று அப்பா தெருவே கேட்கும்படி சத்தம் போட்டதும், அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனவள்தான். என் லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. துபாயில் இருக்கும் தம்பி, "நல்ல எடமா பாருக்கா, ரூபாயப் பத்திக் கவலப்படாத" என்று தினமும் போனில் சொன்னான். ரூபாயைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை. ஊர் என்ன பேசும் என்பதும் பெரிதாகத் தோன்றவில்லை. அப்பா ஒரு வார்த்தை சரி என்று சொல்லாமல் அவரை எங்கேயோ விட்டுவிட்டு வர எனக்கு மனசு ஒப்பவில்லை, அவ்வளவுதான். அப்படிச் சொல்லும் நிலையில் அவர் இல்லை என்றான் தம்பி. அது எனக்கும் தெரியும். தெரிந்தும் அந்த ஒரு வார்த்தை எனக்கு வேண்டியிருந்தது.

"அப்பா, ரெண்டு மூணு எடம் பாத்துட்டு வரணும், வாங்க" என்றேன். உடனே எழுந்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். தோளில் துண்டு, பையில் பேனா. அவர் அகராதியில் இடம் பார்ப்பது என்றால் சரக்குப் பார்ப்பதுதான். நான் திருத்தவில்லை.

அப்பாவின் கொள்முதலைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குளத்தூர், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடுகளில் விளைகிற வத்தலைக் களத்திலேயே பார்த்து வாங்குவார். மூட்டையில் மேலே கிடப்பதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு முழங்கை வரை உள்ளே விட்டு, அடியில் கிடப்பதை அள்ளி எடுப்பார். காதருகே வைத்து ஆட்டுவார். விதை கலகலவென்று சத்தம் போட்டால் காய்ந்த சரக்கு. இத்தனைக்கும் நடுவே அந்த வீட்டுக்காரர்கள் காபி கொண்டுவந்து வைப்பார்கள். அப்பா தொடமாட்டார். பச்சைத்தண்ணீர்கூட வாயில் படாது. ஒருவர் வீட்டில் வாயை நனைத்துவிட்டால் அப்புறம் அவர் சரக்கைக் குறை சொல்ல வாய் வராது என்பார். விலை முடியட்டும், குடிப்போம். முடிந்துவிட்டால் ஆறிப்போன காபியையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்பார். குடித்துவிட்டால் அந்தப் பேச்சு மாறாது. ஒரு தடவை, குடித்துவிட்டு வந்த மறுநாளே சந்தையில் விலை படுத்துவிட்டது. அப்பா சொன்ன விலையையே கொடுத்துவிட்டு, ஒரு வாரம் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார். குடித்தது அவர், பாடு அம்மாவுக்கு.

என் கல்யாணப் பேச்சுக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனபோதும் இதே கூத்துதான். கேசரியும் காபியும் ஈ மொய்க்க உட்கார்ந்திருந்தாராம். என் மாமியார் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். "உங்கப்பா என் மகனயும் மூட்டைக்குள்ள கைய விட்டுப் பாத்துட்டுத்தான் காபி குடிச்சாரு."

முதலில் போனது திருநெல்வேலியில் ஓர் இல்லம். தம்பி இணையத்தில் தேடிப் பிடித்தது. வாசலில் கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, சுவரில் சிரிக்கிற வெள்ளைக்கார முதியவர்களின் படம். மேலாளர் அப்பாவின் கன்னத்தைத் தட்டி, "தாத்தா சமத்தா இருப்பீங்கள்ல?" என்றார். எனக்கே சுருக்கென்றது. அறையைக் காட்டும்போது அப்பா கட்டிலருகே போய், சட்டைக்கையைச் சுருட்டி, மெத்தைக்கு அடியில் கையை விட்டார். எடுத்து மோந்து பார்த்தார். "அடியில ஈரம்" என்றார் என்னிடம். மேலாளர் சிரித்தார். நானும் கையை விட்டுப் பார்த்தேன். ஈரம்தான். பீங்கான் கப்பில் காபி வந்தது. வெயிலில் வந்த களைப்பு, நான் கையை நீட்டினேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி, குடிச்சிராத." சுகர் போடாத காபிதான், தாத்தா தாராளமாகக் குடிக்கலாம் என்றார் மேலாளர்.

இரண்டாவது இடம் கோவில்பட்டியிலேயே, ஒரு மாடியில். என் பள்ளிக்கூடத்துக்குப் பக்கம் என்பதால் எனக்கு அதன்மேல் ஓர் ஆசை. அங்கே எல்லோரையும் டிவிக்கு முன்னால் வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். டிவியில் ஏதோ நகைக்கடை விளம்பரம். ஒரு பெரியவரைத் துண்டால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. விழுந்துவிடக் கூடாதே என்றுதான் என்று அங்கிருந்த பெண் சொன்னாள். அப்பா அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பேப்பர் கப்பில் வந்த காபியை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, "நமக்கு வேண்டாம்" என்று படியிறங்கிவிட்டார்.

எனக்கும் வேண்டாம்தான். ஆனாலும் வீட்டுக்குத் திரும்புகிற ஆட்டோவில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "எல்லாத்தையும் வேண்டாம் வேண்டாம்னா நான் எங்கனதான் போவேன்? எனக்கும் ஒடம்புன்னு ஒண்ணு இருக்குல்லா?" என்று கத்திவிட்டேன். டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். அப்பா தலையை வெளியே நீட்டி வானத்தைப் பார்த்தார். பிறகு, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்பதைப் போல மரியாதையாக, "உங்க பக்கம் மழ உண்டா?" என்று என்னிடம் கேட்டார். "இல்ல" என்றேன்.

மூன்றாவது, எட்டயபுரம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு வீடு. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு கிறிஸ்தவ அம்மாவும் அவர் கணவரும் நடத்துகிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போனேன். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சமையலறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. முதல்நாள் தூறலில் முற்றத்துக் கரிசல் மண் செருப்போடு அப்பிக்கொண்டு வந்தது. ஒரு பாட்டி சோற்றைத் தட்டிவிட்டதற்கு ஆயா முணுமுணுத்துக்கொண்டே துடைத்தாள், மறுபடி தட்டில் போட்டுக் கொண்டுவந்தாள். அந்த முணுமுணுப்பு எனக்குப் பிடித்திருந்தது. நானும் வீட்டில் அப்படித்தான்.

அப்பா மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பின்வாசலில் சமையலுக்கு வத்தல் காயப்போட்டிருந்தார்கள். அதைக் கண்டதும் போய்க் குந்தி உட்கார்ந்து, ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டினார். "யாருவே இப்பிடி அம்பாரமாக் குமிச்சுப் போட்டது?" என்று சத்தம் போட்டுக்கொண்டே பரப்பிவிட ஆரம்பித்தார். நான் தடுக்கப் போனேன். "இருக்கட்டும்மா. அண்ணாச்சி சொல்லுதது சரிதான, ஒருத்தியும் கிளறிவிடல" என்றார் அந்த அம்மா.

நானும் அந்த அம்மாவும் பின்வாசல் படியிலேயே நின்று பேசினோம். ராத்திரி ஒரு ஆள்தான் உண்டு என்றார். டாக்டர் வாரத்துக்கு ஒருமுறைதான். கட்டிப்போடுவீர்களா என்று கேட்டேன். கேட் பூட்டியிருக்கும், ஆள்களைக் கட்டமாட்டோம், அதனால் யாராவது எப்போதாவது விழுவார்கள், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றார். "மொதல்ல உங்களக் கேட்டு அழுவாரு. அழமாட்டாருன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்." மாதத்துக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். சொன்னார். கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். குறைத்தார். சரி என்றேன். அந்தச் சரி, ரூபாய்க்குச் சொன்ன சரி மட்டும்தான். அப்பாவை அங்கே விட்டுவர இன்னும் மனசு துணியவில்லை.

உள்ளே போய் உட்கார்ந்தோம். ஆயா எவர்சில்வர் டம்ளரில் கருப்பட்டிக் காபி கொண்டுவந்தாள். நான் பழக்கதோஷத்தில் டம்ளரைத் தொடாமல் அப்பாவைப் பார்த்தேன். அப்பா வத்தல் நெடி அடிக்கிற கையை வேட்டியில் துடைத்துவிட்டு, டம்ளரை எடுத்து, ஒரே மடக்கில் குடித்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னொண்ணு கெடைக்குமா?" என்றார்.

ராத்திரி தம்பியிடம் சொன்னேன். "குடிச்சிட்டாரா? அப்போ முடிஞ்சிட்டுக்கா" என்று துள்ளினான். எனக்குத் துள்ள முடியவில்லை. என்ன விலை என்று அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லையே. கேட்காமல் அவர் குடித்ததே கிடையாது. அம்மா முகமும் என் பெயரும் போனபோதுகூட இது அவரிடம் இருந்தது. இதுவும் போய்விட்டது, அதனால்தான் குடித்தார் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அடுத்த வாரம் கொண்டுபோய் விட்டேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கேட்டைப் பூட்டும் சத்தம் கேட்டபோது திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

அந்த அம்மா சொன்னபடியே கொஞ்ச நாள் அழுதாராம். பிறகு நின்றுவிட்டது. நான் வாரம் தவறாமல் போகிறேன். சில நாள் என்னைத் தெரிகிறது, பல நாள் தெரிவதில்லை. அப்படித் தெரியாத ஒரு சனிக்கிழமை, வீட்டிலிருந்து பிளாஸ்கில் கருப்பட்டிக் காபி போட்டுக்கொண்டு போயிருந்தேன். பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டம்ளரில் ஊற்றி நீட்டினேன். வாங்கவில்லை. இரண்டு விரலால் டம்ளரை மெதுவாக என் பக்கமே தள்ளினார்.

"வெல முடியட்டும்மா. பொறவு குடிப்போம்."

உள்ளேயிருந்து ஆயா, "எங்கிட்ட மட்டும் தெனம் ரெண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிக்காவ!" என்று சிரித்தாள்.

"அந்தக் காபி மட்டும் குடிக்கீங்களே?" என்று கேட்டேன்.

"அது நம்ம எடம்லா. இந்த எடந்தான் அன்னைக்கே முடிச்சாச்சே."

"யாரு முடிச்சா?"

"எம் மகதான். இந்தப் படியில நின்னுதான் பேசுனா." அப்பா வத்தல் காய்கிற இடத்தைக் காட்டினார். "நான் அங்கன கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். கணக்குல கெட்டி அவ. அவ பேசி முடிச்சா சரியாத்தான் இருக்கும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்நியப் பெண் ஒருத்தி எதற்காகவோ அழுகிறாள் என்று அப்பா நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட் பக்கம் பார்த்தார்.

"இருங்க, வந்துருவா" என்றார். "பள்ளிக்கூடம் விடணும்லா."

அந்தக் காபியை அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானே குடித்தேன்.