"எனக்கு எச்.ஐ.வி. கிடைச்சிருக்குடி!"

போன வருஷம் நான் எம்.எஸ்சி. படிச்சுக்கிட்டிருந்தேன். தினமும் காலையில தாம்பரத்துல மின்சார ரயில் ஏறி பொத்தேரியில இறங்கணும். அன்னிக்கு லேடீஸ் பெட்டியில ஜன்னலோர சீட் கிடைச்ச சந்தோஷத்துல இருந்தப்போ, கூடப் படிக்கிறவ போன் பண்ணினா. ரெண்டு நாள்ல செமினார்னு முந்தின நாள்தான் ஆளுக்கொரு தலைப்பு குடுத்திருந்தாங்க. அதைப் பத்திதான் அவகிட்ட புலம்பினேன்.

"உனக்கு கேன்சர்தானே, தப்பிச்சடி. எனக்கு எச்.ஐ.வி. கிடைச்சிருக்கு. மாத்த முடியாதுன்னு மேடம் சொல்லிட்டாங்க. அது எப்படி உள்ள நுழையுதுன்னே எனக்குப் புரியல."

ரயில் சத்தத்துல கத்தித்தான் பேசினேன். போனை வெச்சுட்டுப் பார்த்தா, அவ்வளவு கூட்டத்துலயும் என் பக்கத்து சீட் காலி! நம்ம அதிர்ஷ்டம்னு பையை அதுல வெச்சுக்கிட்டேன்.

எதிர் சீட்ல நைட்டி மூட்டையோட ஒரு அக்கா. யாவாரத்துக்குப் போறவங்க. சட்டுனு எழுந்து வந்து, என் பையை மடியில எடுத்து வெச்சுக்கிட்டு, ஒட்டி உக்காந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"வூட்ல சொல்ட்டியா கண்ணு?"

செமினாரைத்தான் கேக்குறாங்கன்னு நினைச்சேன். "நேத்தே சொல்லிட்டேன்க்கா. அப்பாவுக்கு செம சந்தோஷம்."

"சந்தோஷமா?"

"பின்ன? எங்க குடும்பத்துலயே இதுவரைக்கும் யாருக்கும் கிடைச்சதில்லையே!"

அக்கா முகம் போன போக்கை நான் கவனிக்கல. "நாளைக்கு கிளாஸ்ல எல்லாருக்கும் குடுக்கணும். அதை நினைச்சாதான் உதறுது"ன்னேன்.

"அய்யோ, யாருக்கும் குடுக்காத கண்ணு! மாத்திரை கீது. தினம் போட்டுக்கினா நல்லா வாழலாம். உனக்கு வந்துச்சுன்னு ஊருக்கே குடுப்பியா?"

அப்போதான் எனக்கு உறைச்சுது. லேப்டாப்பைத் திறந்து செமினாருக்கு வெச்சிருந்த வைரஸ் படத்தைக் காட்டி, "அக்கா, எனக்கு வந்தது நோய் இல்ல, பாடம்!"னேன். பெட்டியே சிரிச்சுது.

"சரி, எப்படித்தான் உள்ள போவுது?"ன்னு அக்கா விடல. புரியாமலேதான் ஆரம்பிச்சேன். நோய் எதிர்ப்பு செல் மேல சிடி4னு ஒரு புரோட்டீன் இருக்கு, வைரஸ் முதல்ல அதைப் பிடிக்கும், ஆனா அது மட்டும் பத்தாது. அதுக்குள்ள வண்டலூர் வந்துடுச்சு. ஒரு பொண்ணு ஒரு கையால கம்பியைப் பிடிச்சு, இன்னொரு கையை உள்ள இருந்தவங்ககிட்ட நீட்டி ஏறினா. "இதோ, இப்படித்தான்! ரெண்டாவதா சிசிஆர்5 மாதிரி இன்னொரு புரோட்டீனையும் பிடிச்சாதான் உள்ள போக முடியும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த சிசிஆர்5 வேலை செய்யாது. அவங்ககிட்ட பெரும்பாலான எச்.ஐ.வி. வைரஸ் பருப்பு வேகாது"ன்னேன். சொல்லி முடிக்கிறப்போ எனக்கே புரிஞ்சுடுச்சு!

என் பக்கத்துலேர்ந்து எழுந்து போன அம்மா மெதுவா வந்து, "பக்கத்துல உக்காந்தா ஒட்டாதுல்ல?"ன்னாங்க.

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அக்கா, "அதான் நான் உக்காந்துகினு கீறேனே!"ன்னாங்க.

மறுநாள் செமினார்ல வண்டலூர் ஸ்டேஷன் காட்சியைத்தான் முதல்ல சொன்னேன். மேடமே சிரிச்சுட்டாங்க. ஆனா அந்தக் காலி சீட் மட்டும் இன்னும் என்னை உறுத்துது. எனக்கு அது அதிர்ஷ்டம். நிஜமாவே அந்த நோயோட ரயில் ஏறுறவங்களுக்கு அது என்னவா இருக்கும்? அந்த அக்கா இடத்துல நான் இருந்திருந்தா, இத்தனை புரோட்டீன் பேர் தெரிஞ்சும், எழுந்து போய் அப்படி ஒருத்தர் கையைப் பிடிச்சிருப்பேனான்னு என்னை நானே கேட்டுக்கிட்டே இருக்கேன்.