உத்தமனின் எலுமிச்சை மூடிகள்

உத்தமனுக்குச் சொந்த ஊர் தர்மபுரி பக்கம். பெங்காலிக்காரர் ஊரான பெஹாலாவில் ஜம்புநாதன் ஐயர் நடத்திய டிபன் கடையில் பதினோரு வருடம் அடுப்படியில் நின்றான். சாம்பாரும் ரசமும் அவன் பொறுப்பு. சூடாறுவதற்குள் ஒரு தம்ளரில் எடுத்து, வாய் நிறைய உறிஞ்சி, கன்னத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றி விழுங்குவான். "இன்னும் கொஞ்சம் உப்பு" என்பான், "புளி பச்சையா நிக்குது" என்பான். அவன் சரி என்று சொல்லாமல் எந்தக் குண்டானும் அடுப்பைவிட்டு இறங்காது. பக்கத்து அடுப்பில் வடை தட்டிக்கொண்டிருந்த எனக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும். நானும் அதே பதினோரு வருடம்தான். என் நாக்கை யாரும் ஒரு நாளும் கேட்டதில்லை.

அவனுக்கோ கல்லாமேல் கண். ஐயருக்கு முட்டி வலி வந்து, கல்லாவில் உட்கார வேறு ஆள் தேடினார். தனக்குத்தான் என்று உத்தமன் புதுச் சட்டைகூடத் தைத்து வைத்திருந்தான். 1998 துர்கா பூஜைக்கு ஒரு மாதம் முன்னால் ஐயர் உட்கார வைத்ததோ பிரேம்குமாரை. பக்கத்திலேயே கார்டன் ரீச்சில் வளர்ந்த ரயில்வேக்காரர் பிள்ளை. பெங்காலி சரளம். சிரித்தால் பல் பளீரென்று இருக்கும்.

உத்தமன் நேரே போய்க் கேட்டுவிட்டான். ஐயரும் ஒளிக்கவில்லை.

"கோச்சுக்காதேடா. நீ வாயத் தெறந்தா கஸ்டமர் உன்னை கைனி போடறவன்னு நெனைக்கறான். கல்லாவுல இருக்கற மூஞ்சிதானே கடை?"

அந்தப் பாவி புகையிலை என்ன, வெற்றிலைகூடப் போடாதவன். சிறு வயதிலிருந்தே அவன் பல்லில் பழுப்பு பட்டை பட்டையாக இருந்தது. அவன் ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான், அதனால் அங்கே யாரும் அதை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

அன்றிலிருந்து உத்தமன், பிரேம்குமார் சிரிப்பதையே முறைத்துக்கொண்டிருந்தான். "எதோ ஃபாரின் பேஸ்ட் வெச்சிருக்கானுங்க. சொல்ல மாட்டேங்கறான்" என்றான் என்னிடம். பிரேம்குமார் தன் பேஸ்ட்டைக் கொண்டுவந்தே காட்டினான். பெட்டிக்கடையில் தொங்கும் சாதாரண பேஸ்ட். உத்தமன் நம்பவில்லை. ஒரு நாள் ரசத்துக்குப் பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடியில் ஆப்பச் சோடாவைத் தொட்டுப் பல்லைத் தேய்த்தான். நுரை பொங்கியது. அழுக்கு கழன்று வருகிறது என்று இரண்டு பேருமே நினைத்தோம்.

ஒரு வாரத்தில் பல் வெளுத்த மாதிரி தெரிந்தது. பளபளப்பில்லாத சுண்ணாம்பு வெளுப்பு. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வேளை தேய்த்தவன் மூன்று வேளை தேய்த்தான். பத்துப் பதினைந்து நாளில் என்னிடம் வந்து நின்றான்.

"எரியுதுங்க முத்தண்ணா. நிறுத்திடட்டுமா?"

நிறுத்து என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் கல்லாவுக்குப் போனால்தானே தம்ளர் என் கைக்கு வரும்.

"எரியுதுன்னா வேல செய்யுதுன்னு அர்த்தம்லா. விடாம தேயுடே" என்றேன்.

பூஜை முடிவதற்குள், பச்சைத் தண்ணீர் பட்டாலே துள்ள ஆரம்பித்துவிட்டான். அவனுக்குப் பெங்காலி அரைகுறை என்பதால் பல் டாக்டரிடம் நான் துணைக்குப் போனேன். டாக்டர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். அந்தப் பழுப்பு அழுக்கே இல்லை. குழந்தையாக இருந்தபோது குடித்த ஊர்த் தண்ணீரால், பல் உருவாகும்போதே உள்ளே ஏறிய கறை. தேய்த்து எடுக்க முடியாது. பழுப்பாக இருந்தாலும் பல் கெட்டியாகத்தான் இருந்திருக்கிறது. புளிப்பும் சோடாவும் சேர்ந்தால் எங்கேயும் நுரைக்கும். வெளுத்தது என்று நினைத்தது, பல்லின் மேல்பூச்சு அரித்துப்போனது. அது இனி வளராது.

"அந்தக் கல்லாப் பையனுக்கு மட்டும் எப்படிங்க வெள்ளையா இருக்குன்னு கேளுங்கண்ணா" என்றான் உத்தமன். வாயைத் திறக்க முடியாத வலியிலும் அதுதான் அவனுக்குக் கவலை.

கேட்டேன். அவன் வேறு தண்ணீர் குடித்து வளர்ந்திருப்பான் என்றார் டாக்டர். பிறகு கையைக் கழுவிக்கொண்டே, எரிய ஆரம்பித்த அன்றே நிறுத்தியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்றும் சொன்னார். அதை மட்டும் நான் தமிழில் சொல்லவில்லை.

மறுநாள் காலை சாம்பார் கொதித்தது. உத்தமன் தம்ளரை வாயில் வைத்தான். ஒரு மடக்கு போனதும் "ஐயோ" என்று கத்தி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான். கண்ணில் நீர். சத்தம் கேட்டு ஐயர் உள்ளே வந்தார்.

"இனிமே டேஸ்ட் யார்டா பாக்கறது? பிரேமைக் கூப்பிடட்டுமா?"

"வேணாங்க சாமி" என்றான் உத்தமன். "முத்தண்ணன் பாக்கட்டும். எனக்காக ஆஸ்பத்திரி வரைக்கும் வந்த மனுசன்."

தம்ளர் என் கைக்கு வந்தது. அவனைப் போலவே வாய் நிறைய உறிஞ்சி, ஒரு சுற்றுச் சுற்றி விழுங்கினேன். ஐயர் என் முகத்தைப் பார்த்தார். உப்பு போதுமா, புளி அடங்கியதா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"சரியா இருக்கு" என்றேன்.

உத்தமன் எழுந்து, என்னை நம்பிக் குண்டானை இறக்கினான்.